மேலே இருப்பது லோடு

கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினுக்கும் புங்க மரத்துக்கும் இடையில்
என் நாற்காலி.
பதினேழு வருஷத்தில்
லாரி, டிப்பர், டிராக்டர், கரும்பு வண்டி
என்னவெல்லாமோ கைமாறிப் போயிருக்கிறது
என் பேனா வழியாக.
படகு வந்தது இந்த ஆடியில்தான்.

தில்ஷாத் பேகம்.
அணையில் மீன் குத்தகை எடுத்தவர்.
ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர்,
டிரெய்லர்மேல் நீல ஃபைபர் படகு,
படகுக்குள் சூளகிரியில் பிடித்த மழை,
மழையில் மிதந்தது
அத்திப்பள்ளி டோல் ரசீது.

டிரெய்லர் கனகபுராக்காரருடையது.
படகு ஆலப்புழையில் வார்த்தது.
வாங்கியவருக்குப் பழையபேட்டை.
"எதை மாத்தணும்?"
"ரெண்டையும்."

ரெண்டையும் என்றால் எப்படி அம்மா.
டிரெய்லருக்குச் சக்கரம் இருக்கிறது, என்ஜின் இல்லை.
படகுக்கு என்ஜின் இருக்கிறது, சக்கரம் இல்லை.
சேர்த்துப் பார்த்தால் முழு வண்டி.
சேர்த்து எழுதக் கட்டம் இல்லை.

ராமநகரத்திலிருந்து தடையில்லாச் சான்று வர
நாற்பத்தொரு நாள்.
வந்ததும் திரும்பிப் போனது:
விற்றவரின் கன்னடக் கையெழுத்தில்
பழையதைவிட ஒரு சுழி கூடுதல்.
பசவலிங்கையா போனில் சிரித்தாராம்.
"கண் ஆபரேஷன் ஆச்சும்மா.
என் கையெழுத்தை இப்பத்தான்
நானே பாக்கறேன்."

காத்திருந்த ஒரு மத்தியானம்
பேகம் கேட்டார்,
"தென்பெண்ணை தினமும் அங்கிருந்து வருதே,
நுரையும் கூடவே.
அதுக்கு யார் என்.ஓ.சி. குடுத்தா?"
அதுக்கும் கேஸ் நடக்குது என்றேன்.
வாய்தா எப்போ என்று
அவரும் கேட்கவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார்.
சுற்றினார். குனிந்தார்.
"மேலே இருக்கிறது லோடு.
லோடோட வண்டி காட்டக் கூடாது. இறக்கு."

ஆறு பேர் பிடித்து இறக்கினோம்.
மூன்று மாநிலத் தண்ணீரையும் பார்க்காத
செம்மண் மைதானத்தில்
அது சற்றே சாய்ந்து உட்கார்ந்தது.
லைசென்சுக்கு வந்த பையன்கள்
அதைச் சுற்றி எட்டு போட்டார்கள்.
ஒரு பெண் பயத்தில் ஹாரன் அடித்தாள்,
படகு ஒதுங்குமென்று.

முகப்பில் ஏதோ மலையாளத்தில்.
பேக்கரி சுதாகரனைக் கூப்பிட்டோம்.
கையில் பன் மாவோடு வந்து
கண்ணை இடுக்கிப் படித்தான்:
"ரோச... ரோசம்ம...
கடைசி எழுத்து போயிடுச்சு சார்.
ரோசம்மையா, ரோசம்மாவா தெரியல."
பேகம் ஈரக் கையால்
அந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தார்.
இன்னும் கொஞ்சம் போனது.

சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப்
பென்சிலால் தேய்த்தேன்.
துருவுக்குள்ளிருந்து பதினோரு எழுத்து
ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.
என்ஜின் எண்: இல்லை.
இருக்கைகள்: இல்லை.
எரிபொருள்: இல்லை.
இத்தனை இல்லைக்கும் வரி உண்டு.

சாயங்காலம் பெயிண்டர்
க-வில் தொடங்கும் ஊரின் எண்ணை அழித்து
டி.என். 24 எழுதினான்.
பழைய எண்
புது வெள்ளைக்கு அடியில்
இன்னும் மேடாக இருந்தது,
கை வைத்தால் தெரியும்.

"படகுக்கு?" என்றார் பேகம்.
ஒண்ணுமில்லம்மா. அது லோடு.
"அணையில இறங்கினா டிரெய்லர் கரையில நிக்கும்.
நான் லோடுலயா போறேன்?"

பதில் என் மேஜையில் இல்லை.
எல்லோரும் டீக்குப் போனபோது
மிச்சத் தாளை எடுத்து
படகின் பின்பலகையில் வைத்துத் தேய்த்தேன்.
பழக்கம்தான்.
ஒரு 7 வந்தது, அல்லது 1.
ஒரு கீறல். கொஞ்சம் மணல்.
காசு அகலத்துக்கு ஒரு செதில்,
வரி வரியாக, தெளிவாக.

எந்தப் படிவமும் கேட்காத அந்தத் தாளை
ஃபைலில் கடைசியாகக் கோத்தேன்.
பக்க எண் போட்டேன்: 23.